பக்கவாட்டில் வந்த தண்ணீர்

நெலிதா கணவனின் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தாள். மார்சியால் இறந்து இன்றோடு ஐந்தாம் நாள். அவன் பிறந்த மலையூரின் வழக்கப்படி, இன்று அவன் துணிகளை ஓடுகிற தண்ணீரில் துவைக்க வேண்டும். அப்போதுதான் அவன் நிம்மதியாகப் புறப்படுவான்.

லிமா நகரத்துக்கு மேலே, மணலும் கல்லுமான அந்தக் குன்றில் ஆறு ஏது? வாரம் ஒருமுறை தண்ணி லாரி வந்து வாசல் டிரம்மை நிரப்பும்.

"டிரம்முல முக்கி எடுக்கிறதெல்லாம் துவைக்கிறதாடி?" என்றாள் மலையூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பெலிசா. "தேங்குன தண்ணியில துவைச்சா என் தம்பி இங்கயே சுத்திக்கிட்டுக் கெடப்பான். மத்தியான பஸ்ல எடுத்துட்டுப் போயி நம்ம ஆத்துல அலசிக்கிறேன்."

"நாளைக்குத்தான போய்ச் சேருவீங்க அண்ணி. நாள் தப்பிரும். பதினெட்டு வருசம் அவர் இருந்தது இங்கதான்."

வாசலுக்கு எதிரே இரண்டு கம்பங்களுக்கு நடுவில், மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்க மார்சியால் கட்டிய கறுப்பு வலை காய்ந்து நின்றது. அடியில் பாதியாகப் பிளந்த குழாய்.

"இதத்தான் போன்ல அப்படிப் பீத்திக்கிட்டானா?"

"இப்படி நிமித்திக் கட்டுறதுக்கு முன்னாடி, மொதல்ல கூரை மாதிரி படுக்க வச்சுக் கட்டினாரு. மூணு வாரம் ஒரு சொட்டு இல்ல. தெருவே சிரிச்சுது."

"எங்க ஊர்க்காரன் வேற எப்படிக் கட்டுவான்? அங்க மேகம்னா மழையா விழும். குளிரு கூடுனா பனியா விழும். இங்க மூஞ்சியத் தடவிட்டுல்ல போகுது."

பெலிசா துணிகளை மூட்டையாகக் கட்டினாள். நெலிதா மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தவள் விடவில்லை.

பதினொரு மணிக்குக் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. கீழ்வீடுகள் மறைந்தன. கண்ணுக்குத் தெரியாத ஈரம் வலை நூலில் ஒட்டி மணியாயிற்று. ஒரு மணி இன்னொன்றைத் தொட்டது. கனம் தாங்காமல் இரண்டும் சேர்ந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயிலிருந்து நூலாக ஒழுகி, பிறகு விரல் தடிமனாக ஓடியது.

பெலிசா அதில் கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றாள்.

"ஓடத்தான் செய்யுது" என்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே அண்ணி."

"பஸ் நாளைக்கும் வரும். சோப்பக் கொடு."

இருவரும் குந்தி உட்கார்ந்து துவைத்தார்கள்.

"காலர நல்லாத் தேயி. சின்ன வயசுலேயே கழுத்தழுக்கன்."

நெலிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாளில் முதல் முறை. பெலிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்சட்டையை முறுக்கினாள்.

துணிகளைக் கொடியில் கையும் காலும் விரித்துப் போட்டார்கள். இந்த ஈரத்தில் எங்கே காயப்போகிறது? வலையின் ஊடே போனது போலவே மூடுபனி அவற்றின் ஊடேயும் போய்க்கொண்டிருந்தது. நீலச் சட்டையின் கை நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்து இன்னொன்று.

பெலிசா உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துவந்து அதற்குக் கீழே வைத்தாள்.