ஆகச் சின்ன வெட்டு

ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைச் சவுரிமுத்து மறுபடியும் அழுத்திப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. உள்ளே மகள் எப்சி. டெங்கு. எழுந்து வாசலுக்குப் போனார். கேம்ப் ரோட்டுப் பக்கம் கல்லறைக்குப் போகும் வண்டியைக் காணோம். திரும்பி வந்தார்.

“ஒரு எடத்துல குந்தேன்யா,” என்றாள் மனைவி தபீதாள்.

குந்தவில்லை. சமையலறைக்குள் போனார். பின்னாலேயே மிருதுளா வந்தாள். எப்சிக்குக் கணக்கு ஆராய்ச்சியில் வழிகாட்டிய காலேஜ் மேடம்.

“சார், திங்கட்கிழமை ஒரு கூட்டத்துல எப்சி பேசறதா இருந்தது. அவ கண்டுபிடிச்சத நான் போய்ச் சொல்லட்டுமா?”

“யார் பேர்ல?”

“எப்சி பேர்லதான்.”

“இன்னிக்கு அப்டிதாம்மா சொல்லுவ. நாளைக்கு அவ பேர அழிச்சிட்டா யாரு கேக்கறது? அப்டி இன்னா கண்டுபுட்ச்சா? எனக்குப் புரியற மாறி சொல்லு பாப்போம்.”

மிருதுளா இங்கிலீஷில் ஆரம்பித்து நிறுத்தினாள். சமையல் மேடையில் ஒரு பப்பாளிக்காய் கிடந்தது. கத்தியை எடுத்தாள்.

“நீளவாக்குல வெட்டினாலும் சரிபாதி வரும். ஆனா ஆகச் சின்ன வெட்டு அது இல்ல.” குறுக்கே வெட்டினாள். “இதுதான்.”

“பப்பாளி வெட்ட ஒரு காலேஜு!”

“பப்பாளிக்கு ஈஸி சார். ஆனா குழி விழாத எந்த உருவமா இருந்தாலும், அதப் பாதியாக்கற ஆகச் சின்ன வெட்டு ஒரே தாள் மாதிரி இருக்கும். துண்டு துண்டா இருக்காது. இது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா இதுவரைக்கும் அத நிரூபிச்சதெல்லாம் சுத்து வழியில. எப்சி நேர் வழி கண்டுபிடிச்சா. நானும் தேடினேன். எனக்கு வரல.”

சவுரிமுத்து அவள் முகத்தையே பார்த்தார். தனக்கு வரவில்லை என்று எந்தத் திருடியும் சொல்லமாட்டாள்.

“பேரு பெர்சா போடணும்.”

“போடறேன் சார்.” அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே போயிற்று. “என்ன, பப்பாளி மரத்துல ஒரு இலைகூட இல்ல?”

கூடத்திலிருந்து தபீதாளின் குரல் வந்தது. “சாறு புழிஞ்சிட்டாரும்மா. ஆஸ்பத்திரிக்காரன நம்பாதன்னுட்டு தெனம் பப்பாளி இலைச் சாறுதான் குடுத்தாரு. எப்சி குமட்டிக்கினே குடிச்சுது.”

வெளியே வண்டி ஹாரன் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

சவுரிமுத்து இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். கோடு தெரியவில்லை. வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்தார். வெட்டின இடத்திலிருந்து பால் கசிந்து விரல்களில் இறங்கிக்கொண்டிருந்தது.