அவர் வேண்டாம் என்ற புத்தகம்

அவரைப் படுக்க வைக்க இடம் வேண்டியிருந்ததால், முதலில் விண்வெளியை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. ஹாலில் இருந்த ஒரே கட்டிலில் இடது பக்கம் விண்கலங்கள், வலது பக்கம் டிராகன்கள், நடுவில் எதோடு சேர்ப்பது என்று அவர் முடிவு செய்யாமல் விட்டுப்போன பத்துப் பதினைந்து புத்தகங்கள். அவர் உடலோடு ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவள் ஒரு முனையிலிருந்து எடுத்துத் தன் தையல் மெஷின் மேல் அடுக்கினாள். அக்கா மறுமுனையிலிருந்து வாரித் தரையில் வைத்தாள்.

"இவ்வளவையும் படிச்ச மனுஷன், ஒரு நாளாவது மாத்திரையை நேரத்துக்குப் போட்டிருப்பாரா?" என்றாள் அக்கா.

"டிராகனோட மத்ததைக் கலக்காதக்கா."

"இனிமே யாரு கேக்கப்போறா?"

 அவள் கலக்காமல்தான் அடுக்கினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்து, லிஃப்ட் நகர்வதற்குள் ஆளுக்கேற்ற ஒரு நாவலைச் சிபாரிசு செய்துவிடுவார். கண்டபடி சொல்ல மாட்டார். என்ன வேலை, எதற்குச் சிரிக்கிறார், எதற்குக் கோபப்படுகிறார் என்று விசாரித்துத்தான் சொல்வார். பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்கு, எதிரியே வராத எல்லைக் கோட்டையைப் பற்றிய ஒரு மாயக்கதை. கறிக்கடைக்காரருக்கு, மிருகங்கள் மனிதர்களை வளர்க்கும் ஒரு கிரகம். அந்தத் தெருவில் அவர் சொல்லிப் புத்தகம் படிக்காதவர்கள் கைக்குழந்தைகளும் அவளும்தான்.

கல்யாணமான மூன்றாவது வருஷம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு இருக்கா?" அவர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார், அளவெடுக்க வந்தவர் போல. "பாத்து சொல்றேன்" என்றார். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அவள் மறுபடி கேட்கவில்லை. நமக்கு அவ்வளவுதான் மூளை என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஊர்ப் பேன்ட்டுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் விட்டது இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தது. இனி அவரிடம் கேட்கவும் முடியாது.

ஒன்பதரைக்குப் பேரவை வந்தது.

'எதிர்கால இலக்கியப் பேரவை'யின் மொத்த உறுப்பினர்கள் நான்கு பேர். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தன் கிளினிக்கைத் திறந்துவிடும் பல் டாக்டர் துணைத்தலைவர். கூரியர்காரர் செயலாளர். பதவி எதுவும் இல்லாத வெறும் உறுப்பினர் அவர் ஒருவர்தான். பேரவையின் பொதுமக்கள் என்று அவரைச் சொல்லலாம். இன்று காலையோடு பொதுமக்களே இல்லாமல் போய்விட்டார்கள்.

மூவரும் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு தலைவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"மயான வண்டி பதினொரு மணிக்கு," என்றாள் அக்கா, முன்னெச்சரிக்கையாக.

"பெருமக்களே," என்று தலைவர் ஆரம்பித்தார். ஹாலில் ஏழு பேர் இருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரியையும் படுத்திருந்தவரையும் சேர்த்து. "நம்மை விட்டு நீங்கிய அன்பர், தாம் பெரிதும் போற்றிய நாவலின் மாலுமியைப் போன்றவர். நாற்பது ஆண்டுகள் விண்கலத்தைச் செலுத்திய அம்மாலுமி, இறுதியில் தாமே ஓர் இயந்திரம் என்று அறிய நேர்ந்தபோதும்..."

"தலைவரே," என்றார் பல் டாக்டர்.

"...மனம் கலங்காது..."

"தலைவரே, எனக்கு இன்னும் அறுபது பக்கம் இருக்கு."

தலைவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். பேரவைக்கு இருந்தது ஒரே விதி. முடிவைச் சொல்லக் கூடாது. அதை எழுதியவரும் தலைவர்தான். பல் டாக்டரின் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து அந்த ஹாலில் முதலில் அழுதவர் அவர்தான்.

"அஞ்சலியில விதிவிலக்கு உண்டு," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில்.

"எங்க இருக்கு அந்த விதிவிலக்கு? கூட்டக் குறிப்பெல்லாம் என்கிட்டதான் இருக்கு," என்றார் கூரியர்காரர்.

"அவரே சொன்ன புத்தகம் சார் அது. ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு. உனக்கு இதுதான்யான்னாரு," என்றார் பல் டாக்டர்.

"யாரை, மெக்கானிக்கையா மெஷின்னு சொல்றாரு?" என்று அக்கா அவள் காதில் கேட்டாள்.

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. பல் டாக்டரைப் பார்த்தாள். "எப்ப சொன்னாரு உங்ககிட்ட?"

"போன ஞாயித்துக்கிழமை, மேடம்."

"போன ஞாயித்துக்கிழமை." அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். "கடைசி வாரத்துல கூட உங்களுக்கு ஒண்ணு யோசிச்சிருக்காரு. பரவால்ல. என்னைப் பத்தி யோசிக்க இருபத்திரண்டு வருஷம் பத்தல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனாலும் பேரவை தன் சண்டையை நிறுத்தியது. கூரியர்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர், இது உறுப்பினரின் குடும்ப விவகாரம், நமக்கென்ன என்பது போல் காகிதத்தை மடித்தார்.

"அண்ணி," என்றார் கூரியர்காரர். "எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒருத்தர் ஒரு ஆளைச் சொல்லுவோம். இந்த மாதிரி ஆளு, என்ன கொடுக்கலாம்னு. மத்தவங்க புத்தகம் சொல்லணும், ஆளைச் சொன்னவர் முடிவு பண்ணணும். வருஷத்தோட முதல் கூட்டம் எப்பவும் அவரோட முறை. எப்பவும் உங்களைத்தான் சொல்லுவாரு."

"என்னையா?"

"பதினாலு வருஷமா. சலிச்சுப் போச்சு அண்ணி எங்களுக்கு. எதைச் சொன்னாலும் தட்டிடுவாரு. டிராகன் கதை ஒண்ணு சொன்னோம். அதுல ராணி ஒரே நாள்ல முப்பது வீரனுக்கு அங்கி தைச்சுடுவா. அந்த இடத்துலயே அவ புத்தகத்தை மூடி வெச்சிடுவான்னாரு."

"முப்பதா?" என்றாள் அவள். "கையோடவா, கையில்லாமலா?"

"கையோட."

"மூடித்தான் வெச்சிருப்பேன்."

"இறந்த காலத்துக்குப் போய் ஒரே ஒரு தப்பைத் திருத்துற கதை ஒண்ணு சொன்னேன் நான்," என்றார் பல் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதைப் படிச்சா, எந்தத் தப்புன்னு என்னையப் பாத்துக் கேப்பா, எதுக்கு வம்புன்னாரு."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நான் சொன்ன காவியங்கள் பலவற்றையும் நிராகரித்தார்," என்றார் தலைவர். "காரணம் கேட்டதற்கு, அவள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்வாள், நூறு பக்கம் கொட்டாவி விட வைக்க முடியாது என்றார். அது காவியத்தின் குறை அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்."

அவள் கட்டிலில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடம் இன்னும் போகவில்லை. இந்த மனுஷனுக்கு என் மூக்கு எதற்கு விடைக்கும் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இந்த வருஷம் என்ன சொன்னீங்க?"

கூரியர்காரர் கொஞ்சம் தயங்கினார். "சின்னதா ஒண்ணு. விண்வெளிக் கதைதான். இது சரியா இருக்கும்னு மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். அதுவே எங்க சரித்திரத்துல முதல் தடவை. அவரும் படிச்சிருந்தாரு. வேண்டாம்னு தலையாட்டிட்டாரு. காரணம் சொல்லல. அவரோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வாரம் அது."

"அதைக் கொடுங்க."

"அண்ணி, அவர் வேண்டாம்னு சொன்னது."

"அவர் ஏன் வேண்டாம்னாருன்னு எனக்குத் தெரியணும்."

மூன்று பேரும் தையல் மெஷின் மேல் தேடினார்கள். கலக்காமல் அடுக்கியிருந்ததால் சீக்கிரம் கிடைத்தது. மெல்லிய புத்தகம். கையில் கொடுக்கும்போது தலைவர் தொண்டையைச் செருமினார். பல் டாக்டர் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை," என்றார் தலைவர்.

வண்டி பதினொன்றே காலுக்கு வந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. அக்கா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அவள் குளித்துவிட்டு ஜன்னலோரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. விண்கலம் எப்படி ஓடுகிறது என்று இரண்டு பக்கம் இருந்தது. அதைத் தாண்டி மேலே படித்தாள்.

பதினெட்டாம் பக்கத்தில் ஒருத்தி, அறுபது வருஷம் கழித்துத்தான் திரும்பிவரும் கலத்தில் புருஷனை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அவன் காலையில் பாதி குடித்து வைத்த காபி டம்ளர் மேஜை மேல் இருக்கிறது. கழுவுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறாள்.

"கழுவிடு," என்றாள் அவள்.

"யார்கிட்ட பேசற?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள்.

"இங்க ஒருத்திகிட்ட."

விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.