பாலத்துக்கு வந்த வாய்க்கால்

1934 ஆவணியில் வன்னியம்பட்டி வாய்க்காலுக்குப் பாலம் கட்டி முடித்தபோது வாய்க்கால் அதன் அடியில் இல்லை. அது எண்பது தப்படி மேற்கே, நாயக்கர் காலத்தில் வெட்டிய இடத்திலேயே, கரைக்கொரு கல்மடையோடு கிடந்தது. பாலத்தின் மூன்று கண்களுக்கும் அடியில் ஓடியது ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வண்டிப்பாதை.

தவறு ஓவர்சியருடையது என்றும் சொல்ல முடியாது. கோடையில் வாய்க்கால் வற்றியதும் வண்டிக்காரர்கள் எல்லாரும் அதற்குள்ளேயே ஓட்டிப் போவார்கள். மணல் மாட்டுக் குளம்புக்கு மெத்தென்றிருக்கும், கரை மருதமரங்கள் நிழல் தரும். உண்மையான பாதையில் அந்த நான்கு மாதமும் கோரை முளைக்கும். ஓவர்சியர் அளக்க வந்தது சித்திரையில். அன்னத்தாய் ஒருத்திதான் போய், "ஐயா, இது வண்டிப்பாதை. வாய்க்கா அந்தா கிடக்கு" என்றாள். அவர் குனிந்து கோரையைக் காட்டி, "ஏம்மா, பாதையில வண்டித்தடம் எங்க?" என்று கேட்டார். ஊரில் அதிக நிலம் வைத்திருந்த சம்சாரி சுயம்புலிங்கம், அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியாதா என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

பாலம் கேட்டு மனுப்போட்டவளே அன்னத்தாய்தான். அவள் புருஷன் ஏசுவடியான் மடை காத்தவர். வெள்ளம் வந்தால் கிழக்கு மடையைத் திறந்துவிட்டு, நீந்திப் போய் மேற்கு மடையையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் எதிர்க்கரை உடைந்து இருநூறு ஏக்கர் நெல் போய்விடும். முந்தின ஐப்பசியில் மடையைத் திருகித் திறக்கும் இரும்புச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கியவர் அக்கரை ஏறவில்லை. அன்று மேற்குக் கரை உடைந்தது. மூன்றாம் நாள் உடல் கண்மாயில் கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை. ஊரார் கொல்லரிடம் புதுச்சாவி அடித்து அவளிடம் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளத்தில் இரண்டு மடையும் அவள் திறந்துவிட்டால் வேலையும் கரையோர வீடும் அவளுக்கு. இல்லையென்றால் இரண்டும் நீச்சல்காரன் மலைச்சாமிக்கு. அவள் நம்பியது பாலத்தை. பாலமோ வண்டிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு சும்மா நின்றது.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி மேற்கு மலையில் பெய்த மழை மத்தியானம் வாய்க்காலுக்கு வந்தது. தண்ணீர் கரைவிளிம்பைத் தொட்டது. ஊரார் மேட்டில் கூடினார்கள். மலைச்சாமி கோவணத்தோடு தயாராக நின்றான். அன்னத்தாய் கிழக்கு மடையைத் திறந்தாள். பிறகு தண்ணீரில் இறங்காமல், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எண்பது தப்படி கிழக்கே நடந்து, காய்ந்த பாலத்தில் ஏறி நடுவில் நின்றாள்.

"ஏட்டி, தண்ணி இங்கன கிடக்கு. நீ அங்கன எங்க போற?" என்றார் சுயம்புலிங்கம்.

"எனக்கு நீச்சல் தெரியாது ஐயா. நடக்கத்தான் தெரியும். அது இங்க வரட்டும்."

"ஆமா, வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடு, வரும்" என்றான் மலைச்சாமி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

வாய்க்கால் வந்தது. கரையை உடைத்துக்கொண்டு வரவில்லை. பிள்ளை தூங்கும் பாயைத் தாய் நிழலுக்கு இழுப்பது போல, கரையும் மருதமரங்களும் மடைகளும் குலையாமல், கரையில் மேய்ந்த இரண்டு ஆடுகள் தலை தூக்காமல் நகர்ந்து வந்து, பாலத்தின் மூன்று கண்களுக்குள்ளும் அடங்கிக்கொண்டது. பாதை அதற்கு வழிவிட்டு வாய்க்கால் கிடந்த இடத்துக்குப் போனது. அப்போது பாதையில் வண்டிக்காரன் முத்துவீரன் பருத்தி ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தபடியால் ஒன்றும் தெரியாமல், பொழுதோடு ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்து நல்ல விலைக்கு விற்றான். அன்னத்தாய் பாலத்தின் மறுமுனைக்கு நடந்து மேற்கு மடையையும் திறந்தாள். கரை உடையவில்லை. மலைச்சாமி, "நான் நீந்தியிருந்தாலும் இம்புட்டு நேரம்தான் ஆயிருக்கும்" என்று வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

வெள்ளம் வடிந்த மறுநாள், பாதை புதிதாய்ப் போய்க் கிடந்த இடத்தில் அன்னத்தாய் நடந்து பார்த்தாள். சக்கரம் ஏறாத ஓரமாக, ஒரு தட்டைக்கல்லின் மேல், ஏசுவடியானின் பழைய சாவி இருந்தது. துரு ஏறவில்லை. அவள் அதை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று முதல் கிழக்கு மடைக்குப் புதுச்சாவி, மேற்கு மடைக்குப் பழைய சாவி.

பங்குனியில் தண்ணீர் நின்றதும் வாய்க்கால் பழைய இடத்துக்குத் திரும்பியது. வண்டிக்காரர்கள் வழக்கம் போல அதற்குள் இறங்கினார்கள். ஐப்பசி பன்னிரண்டில் மறுபடி பாலத்துக்கு வந்தது, வருஷாவருஷம் அதே தேதியில். நாலைந்து வருஷத்தில் ஊர் அதற்கேற்ப ஆடு கட்டவும் வைக்கோல் போடவும் பழகிவிட்டது. 1946இல் படம் வரைய வந்த சர்வேயர் ரத்தினம், இதில் எது வாய்க்காலின் சரியான இடம் என்று அன்னத்தாயிடம் கேட்டார். "வெயிலுக்கு அங்கன இருக்கும், தண்ணிக்கு இங்கன வரும். நீங்க ரெண்டையும் போட்டுக்கோங்க" என்றாள். அவர் ஒன்றை நீல மையிலும் ஒன்றைச் சிவப்பு மையிலும் வரைந்து கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் வாய்க்கால் ஐந்து நாள் தாமதமாக, ஐப்பசி பதினேழாம் தேதி வந்தது. அதுவரை அன்னத்தாய் தினமும் மத்தியானம் சாவிகளோடு பாலத்தில் போய் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள்.