முட்டுச் சந்து வரைந்தவன்

1981இல் மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்துத் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, கட்டினார்கள். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து அதற்கு வரைபடம் போட்டவன் நான்தான், பஞ்சலிங்கம். பன்னிரண்டு சாலைகள், பன்னிரண்டும் முட்டுச் சந்து. லாரி நுழையாது, அமைதியாக இருக்கும் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில் அங்கேயே கடைசி வீட்டையும் வாங்கினேன்.

குடியேறிய பிறகுதான் உறைத்தது. பஸ் போகும் பெரிய சாலை என் பின்பக்கத் தகர வேலிக்கு அப்பால் நாற்பதடியில் இருந்தது. என் வரைபடத்தின்படி போனால் இரண்டு மைல்.

பக்கத்து வீட்டு வீரம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவர் வேலியில் ஒரு தகரத்தைக் கழற்றி, அதை ஒட்டி ஓடிய கால்வாய்மேல் பலகை போட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். ஒரே வாரத்தில் சந்தே அவர் பின்னால் நடந்தது. வரைபடத்தில் இல்லாத வழியா! வீடு கட்டிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆள் வந்து தகரத்தை ஆணியடித்து மூடிவிட்டுப் போனார்.

மறுவாரம் ஒரு காலையில் என் மனைவி கௌரிக்குப் பிரசவ வலி கண்டது. கார் கிளம்பவில்லை. டாக்சி பெரிய சாலையில்தான் கிடைக்கும்.

"பொறும், ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"நீங்கள் கீறின ரோட்டாலயோ? நீங்கள் வாறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்!"

சத்தம் கேட்டு வீரம்மா சுத்தியலோடு வந்தார். "தள்ளுங்கண்ணே, பேசிட்டு இருக்க நேரமில்லலா!"

நாலே அடியில் தகரம் விழுந்தது. கௌரி அவர் கையைப் பிடித்துப் பலகையைக் கடந்துவிட்டாள். பையோடு பின்னால் போன நான் கால் தவறிக் கால்வாயில் விழுந்தேன். இடுப்புவரை சேறு.

டாக்சிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். "யாருக்குண்ணே ஆஸ்பத்திரி?"

மதியம் பெண் பிறந்தது. மறுநாளே நடைபாதை கேட்டு அதே நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அங்கிருந்த குமாஸ்தா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"மூடச் சொன்ன பஞ்சலிங்கமும் தொறக்கச் சொல்ற பஞ்சலிங்கமும் ஒரே ஆளா?"

தம்பி எழுதியது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "ஒரே ஆள்தான்" என்றேன்.

வீடெல்லாம் விற்றாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. வீரம்மா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் குழைத்து நாங்களே பாலம் போட்டோம். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"அதெல்லாம் வேணாம்ணே" என்றார் வீரம்மா. "நீங்க மணல் மட்டும் தூக்குங்க."

தூக்கினேன்.