ஜாஹிரா இல்லாத டீ

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் லுக்மான் கிளை எடுத்து நடத்தும் கம்பெனி டீக்கடையில் எப்போதும் கூட்டம். கம்பெனித் தூளோடு, இறந்துபோன மனைவி ஜாஹிராவின் பக்குவத்தில் பட்டையும் சோம்பும் இடித்துப் போடுவான். கூட்டமே அதற்குத்தான் என்று நம்பியிருந்தான்.

சோதனைக்கு வந்த கம்பெனி ஆள் கண்டுபிடித்துவிட்டார். "எல்லாக் கிளையிலயும் ஒரே ருசி இருக்கணும் பாய். இனிமே போட்டா கடைய எடுத்துடுவோம்."

மறுநாள் வெறும் கம்பெனித் தூள்தான். யாராவது ஒருவர் முகம் சுளிக்கமாட்டாரா என்று லுக்மான் ஏங்கினான். ஜாஹிரா இருந்த காலத்திலிருந்தே வரும் கண்டக்டர் ரங்கா ஒரு வாய் குடித்தான்.

"எப்பிடி கீது ரங்கா?"

"எப்பவும் போலத்தான் கீது. இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மூஞ்சியவே பாத்துக்கினு கீற? இன்னொண்ணு போடு."

அன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. குறைந்திருந்தால் லுக்மான் அழுதிருக்கமாட்டான்.