மருந்தறை முன்கட்டுக்கு வந்த கதை

பிலிப்பைன்ஸ் நாட்டுப் போஹோல் தீவின் அந்தச் சின்ன மருத்துவமனையில் மருந்தறை பின்கட்டின் கோடியில் இருந்தது. வாசலில் பதிந்து, பின்கட்டில் ரத்தம் கொடுத்து, முன்கட்டில் டாக்டரைப் பார்த்து, மாத்திரைக்கு மறுபடி பின்கட்டுக்கு நடக்க வேண்டும். மருந்தறையை டாக்டர் அறைக்குப் பக்கத்துக் காலி அறைக்கு மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள் தலைமை நர்ஸ் லூதிவினா. மருந்தாளர் தெயோஃபிலோ அசையவில்லை. பின்கட்டில் மாமர நிழல்; மதியத் தூக்கத்துக்கு வசதி.

"நிழல் உங்களுக்கு, மனோங். வெயில் அவங்களுக்கு" என்பாள். மனோங் என்றால் அங்கே அண்ணன்.

"நடந்தா உடம்புக்கு நல்லதுதானே தங்கச்சி."

ஒரு திங்கட்கிழமை காலை படியில் வழுக்கி அவர் கணுக்கால் பிசகியது. லூதிவினா சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள்.

"வரிசையில போறீங்களா, குறுக்கால கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வரிசையிலயே போறேன். இல்லாட்டி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் முன்கட்டில், எக்ஸ்ரே பின்கட்டில், படத்தோடு மறுபடி டாக்டர். போகும்போதும் வரும்போதும் முட்டிவலிக்கு முதல் தடவையாக அங்கே வந்திருந்த, கம்பூன்றிய பாசிதா அம்மாள் எதிர்ப்பட்டாள்.

"மறுபடியும் நீங்களா! இப்படியே போனா நாம சம்பந்தி ஆயிடுவோம்" என்று வாழையிலையைப் பிரித்து இனிப்புச் சோற்றில் பாதியைக் கொடுத்தாள்.

எலும்பு முறியவில்லை. மாத்திரைக்குப் போனால் மூடிய ஜன்னல் முன்னே கூட்டம். பாசிதா கொதித்துக்கொண்டிருந்தாள். "அந்த மருந்துக்காரன் எங்க தொலைஞ்சான்? மரத்தடியில தூங்குறானாமே!"

லூதிவினா வாயைப் பொத்திக்கொண்டாள். தெயோஃபிலோவின் காது சிவந்தது.

"நான்தாம்மா அவன்."

கூட்டமே சிரித்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் பாசிதா. "நான் பேசல, என் முட்டி பேசுச்சு."

அவள் போன பிறகு அவர் மெல்லக் கேட்டார். "தங்கச்சி, அந்த ரூம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

அடுத்த மாதம் மருந்தறை முன்கட்டுக்கு வந்தது. ரத்தம் எடுக்கும் இடமும் பதிவு மேசை அருகே வந்தது. ஒரு வாசலில் நுழைந்து, திரும்பி நடக்காமல் மறுவாசலில் வெளியேறலாம். ஆனால் முதல் நாள் யாரும் வெளியேறவில்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே அனுப்புவார்களோ என்று காத்திருந்தார்கள்.

தெயோஃபிலோ நொண்டியபடி வெளியே வந்தார். "எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க."

"நெசமாவா?" என்றாள் பாசிதா.

"நெசமா."

அவள் நம்பாமல் லூதிவினாவைப் பார்த்தாள். லூதிவினா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"அப்ப மீன் தீர்றதுக்குள்ள சந்தைக்குப் போயிடலாம்" என்று கம்பை ஊன்றி எழுந்தாள் பாசிதா.