கூடி வந்த நாலு கிலோ

என் வீட்டுக்காரர் ஜெபக்குமார் கட்டுவார், நான் உடைப்பேன். எங்கள் தொழில் அவ்வளவுதான். பனியன் கம்பெனிக்கு வேண்டியதை எல்லாம் அவர் மென்பொருளில் எழுதிச் சேர்ப்பார். நான் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து அவர் தலையில் போடுவேன். குறை சொல்வதையே வேலையாகக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதிலும் என் நாக்கைப் பற்றி என் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த எங்கள் ஆட்கள் பெரும்பாலும் தையல் மிஷினில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மட்டும் ஒரு பாத்திரக்கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்தோம். கையில் எடுத்தது ஒரு திறந்த மென்பொருள். ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடையாளப் படம் ஓர் ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிற ஊரில் ஆமையை வைத்து எப்படி வியாபாரம் செய்வது? ஜெபக்குமார் அதை எடுத்துவிட்டுப் பிள்ளையார் படத்தை வைத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர்தான்.

எங்களுக்கு வாய்த்த முதல் பெரிய பார்ட்டி கிட்டுசாமி. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம், திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி. அவர் எங்களிடம் வந்தால் அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். வராவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு ஜெபக்குமார் மறுபடியும் சென்னையில் எவனிடமாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான். கிட்டுசாமியும் எங்களை மட்டும் நம்பி இருக்கவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் ஆளும் அவருக்கு வாரம் தவறாமல் போன் போட்டுக்கொண்டிருந்தான். அவர்களுடையது விலைக்கு விற்கும் மென்பொருள்.

கிட்டுசாமி இரண்டு நிபந்தனை வைத்தார். சோதனைப் பதிப்பைத் தன் கம்பெனிக்குள் விடமாட்டார், முழுசாக வெளியான பிறகுதான் தொடுவார். சாம்பிள் பீஸை யாராவது ஷிப்மென்ட் அனுப்புவார்களா என்று கேட்டார். இன்னொன்று, ஆடி பிறப்பதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். இரண்டாயிரத்து ஏழு அது. ஆமைக்காரர்களின் புதிய பதிப்பு ஆனி கடைசியில் வெளியாகும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அவர் உடனே ஜோசியரைப் பார்த்து அதை ஒட்டி ஒரு வியாழக்கிழமையைக் குறித்து வாங்கிவிட்டார்.

அந்தப் புதிய பதிப்பு எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், திருப்பூரில் துணி ஓரிடத்தில் நிற்காது. பின்னுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், பிரிண்ட் அடிப்பது இன்னொருவர். எடை போட்டு அனுப்ப வேண்டும், எடை போட்டு வாங்க வேண்டும். வெளி வேலைக்குப் போய் வருகிற சரக்கைப் பழைய பதிப்புக்குப் பார்க்கத் தெரியாது. புதியதுக்குத் தெரியும் என்றார்கள்.

தெரியுமா என்று பார்க்கத்தானே நான் இருக்கிறேன். கிட்டுசாமி குடோனிலிருந்து நிஜமான டெலிவரி சீட்டுகளை ஒரு பை நிறைய வாங்கிவந்து சோதனைப் பதிப்பில் ஏற்றினேன். எல்லாவற்றையும் ஏற்றி முடித்துப் பார்த்தால் குடோனில் இருக்கிற துணியைவிடக் கம்ப்யூட்டரில் இருக்கிற துணி குறைச்சல். நான்தான் தப்பாக அடித்திருப்பேன் என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பார்த்தேன். காணாமல் போனதெல்லாம் பிரிண்ட் துணி.

போனது நூறு கிலோ வெள்ளைத் துணி. பிரிண்ட் அடித்து வந்தது நூற்று நாலு கிலோ. நான் நூற்று நாலு என்றுதான் அடித்திருந்தேன். மென்பொருள் வாங்கிக்கொண்டு நூறு என்று எழுதிவிட்டது. முடியாது என்று மறுத்திருந்தால்கூட அதை மதித்திருப்பேன். நாலு கிலோவை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது.

யோசித்தால் காரணம் புரிந்தது. வெளியே போகிற சரக்கு தேய்ந்துதான் வரும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்கிறார். பெரும்பாலும் அப்படித்தான். சாயப்பட்டறைக்குப் போனாலும் தேயும், வெட்டினாலும் தேயும். பிரிண்ட் அடித்தால் மட்டும் கூடும். கலர்ப் பசை துணிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இல்லையா? திருப்பூரில் இது யாருக்கும் அதிசயம் இல்லை.

ஜெபக்குமார் அந்த இடத்தை உடனே கண்டுபிடித்தார். ஒரே வரி. நம் பிரதியில் மாற்றிக்கொள்ளலாம், வெளியீடு வந்ததும் அதோடு சேர்த்து வியாழக்கிழமை ஆரம்பித்துவிடலாம் என்றார். அவர்களுக்கு எழுத வேண்டாமா என்று கேட்டேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார்.

"எழுதினா வெளியீட்டை நிறுத்திருவாங்க ரோசு. ஆடி வந்துரும். கிட்டுசாமி போயிருவாரு. நம்ம துணி நமக்குச் சரியா வருதுல்லா, பொறவு என்ன?"

"அடுத்தவன் துணி?"

"அவன் பாத்துக்கிடுவான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரோ ஒருவருக்காக நம் பிழைப்பில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வதா? ஆனால் ஓட்டை என்று தெரிந்த பிறகு அதை மூடி மறைக்க எனக்கு வராது. சாப்பாட்டில் கல் கிடந்தால், விருந்துக்குப் போன வீடாக இருந்தாலும் சொல்லிவிடுகிற ஜென்மம் நான். அன்று மத்தியானம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கடைசியில் அவரே கீபோர்டை என் பக்கம் தள்ளி, நீயே எழுது, எழுதாவிட்டால் ராத்திரி எனக்குச் சோறு கிடைக்காது என்றார்.

ஆமைக்காரர்கள் குறைகளை எழுதிவைக்கிற இணையப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். அதை எழுதுகிறவர்களில் ஒரு பின்லாந்துக்காரர் உடனே பதில் போட்டார். துணி எப்படி எடை கூடும், ஈரமாக இருந்திருக்குமோ என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், எனக்குத்தான் சுருக்கென்று வந்தது. கிட்டுசாமி குடோனில் ஒரு துண்டு வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டு நேரே பிரிண்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் சென்னிமலை, கிட்டுசாமிக்கு வழக்கமாக அடித்துக் கொடுப்பவர். அவருடைய தராசில் துணியை வைத்து ஒரு போட்டோ, பிரிண்ட் அடித்து நன்றாகக் காயவைத்து அதே தராசில் ஒரு போட்டோ. இதையெல்லாமா படம் பிடிப்பார்கள் என்று சென்னிமலை சிரித்தார். இரண்டையும் ஏற்றிவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதினேன்.

மறுநாள் காலையில் வந்து திறந்தால் பக்கம் நீண்டுகொண்டே போனது. கனடாவில் மரக்கடை வைத்திருப்பவர் எழுதியிருந்தார். அவருடைய பலகைகள் கரையான் மருந்தில் ஊறப் போகுமாம், கனத்து வருமாம். பிரேசிலில் ஒருவர் இரும்புக் கதவு செய்கிறார். துத்தநாகப் பூச்சுக்குப் போன கதவு எடை கூடித் திரும்பும். சோதனைப் பதிப்பில் கணக்கு உதைத்ததும், எடை போடுகிற பையன்தான் தப்பாக எழுதுகிறான் என்று நினைத்து எல்லார் முன்னாலும் ஏசிவிட்டாராம். என் தராசுப் படத்தைப் பார்த்த பிறகு அவனைக் கூப்பிட்டு, தப்பு என்மேல்தான் என்று சொன்னாராம். மருந்தும் இரும்பும் பசையும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் அதே நோவு, எல்லாரும் தங்கள் கைதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்குக் கீழே, வெளியீட்டுக்குப் பொறுப்பான இங்ரிட் என்ற பெண் எழுதியிருந்தாள். வெளியீடு நிறுத்தி வைக்கப்படுகிறது. புதிய தேதி இப்போது சொல்ல முடியாது. எடை கூடி வருகிற சரக்கு முழுசாக உள்ளே வரும்வரை நம் வேலை முடியவில்லை. ஊருக்கெல்லாம் போகும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்ன திருப்பூர் ரோஸ்மேரிக்கு நன்றி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் பிறந்த ஊரில் மாதா கோயில் சப்பரம் வரும்போது குறுக்கே ஒரு பிள்ளை வந்துவிட்டால், சுமக்கிறவர்கள் அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள். மேளமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு இப்போதுதான் அப்படி ஒரு நிற்றலைப் பார்த்தேன். எத்தனை நாட்டில் எத்தனை பேர் அந்த நாளுக்காகக் காத்திருந்தார்களோ. நான் யார்? பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து சீட்டு அடிக்கிறவள். யாரும் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. தராசு என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்தார்கள், நிறுத்திவிட்டார்கள். ஜெபக்குமார் என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கியிருந்தது, தூசி என்றார்.

பிறகுதான் பயம் வந்தது. கிட்டுசாமியிடம் போய்ச் சொல்ல வேண்டுமே.

நாங்கள் போன நேரம் அவர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். சரக்கை வாங்கப்போகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய ஆள், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளில் இஷ்டத்துக்குச் சிலதைப் பிரித்து ஒவ்வொரு பனியனாகப் புரட்டிக்கொண்டிருந்தான். அவன் தலையை ஆட்டினால் சரக்கு கப்பலுக்குப் போகும். இல்லாவிட்டால் எல்லாம் அங்கேயே நிற்கும். கிட்டுசாமி கண் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தோம் என்று ஜெபக்குமார் முணுமுணுத்தார். இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்த பிறகு கிட்டுசாமி எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

வெளியீடு நின்றுவிட்டது, வியாழக்கிழமை முடியாது, எப்போது வரும் என்றும் தெரியாது என்று ஜெபக்குமார் ஒரே மூச்சில் சொன்னார். ஏன் என்பதை நான் சொன்னேன். கிட்டுசாமி கோபப்படவில்லை. அவருக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை.

"பையர் நிறுத்தச் சொல்லிட்டானுங்களா?"

"இல்லைங்கய்யா. அதுக்குப் பையரே கிடையாது. சும்மாதான் குடுக்காங்க" என்றேன்.

"அப்பறம் யாருக்குப் பயந்துட்டு நிறுத்துனாங்க?"

"யாருக்கும் பயந்து இல்லைங்கய்யா. தப்புன்னு தெரிஞ்சிட்டுல்லா, அதான்."

அவர் என்னையே பார்த்தார். காட்டுங்க என்றார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இது யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரியா இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் குறை மட்டும் இல்லை, இதுவரை கண்டுபிடித்த எல்லாக் குறையும், தீர்ந்ததும் தீராததும், அப்படியே அங்கே இருப்பதைக் காட்டினேன். திருப்பூரில் டேமேஜ் பீஸ் என்றால் வெளி ஆள் கண்ணில் படாமல் ஒதுக்குவதுதான் முதல் வேலை. இவர்களோ அதை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போட்டோ வந்தபோது விரலை வைத்தார்.

"இது நம்ம சென்னிமலை தராசுங்களா?"

"ஆமாங்கய்யா. துணியும் உங்க துணிதான்."

"ஏனுங்க கண்ணு, நம்ம நாலு கிலோவுக்கா இத்தன பேரும் கைய நிறுத்திட்டு உக்காந்திருக்கறாங்க?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவர்களுக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்டார். சிலர் எங்களை மாதிரி இதைக் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறார்கள், சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்கிறார்கள் என்றேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சாமி கும்பிடுகிற இடத்தில் நிற்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நான் இரும்புக் கதவுக்காரர் எழுதியதைப் பாதி சொல்லியிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்து, கோயம்புத்தூர்க்காரன் என்றார்.

ஜெபக்குமார் எழுந்து நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. கிட்டுசாமி, சௌக்கியம் விசாரித்துவிட்டு வழக்கமான மரியாதையோடு ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, உங்க சாப்ட்வேர்ல இப்போதைக்கு என்னென்ன டேமேஜ் இருக்குதுங்க?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். இவர் ம் போட்டுக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லீங்களா?" என்றார். மறுபடியும் கேட்டுக்கொண்டார். "டேமேஜே இல்லாத சரக்கு லாட்டை நான் இந்தத் தொழில்ல பாத்ததே இல்லீங்க. நமக்கு வேண்டாமுங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு ஜெபக்குமாரைப் பார்த்தார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் வந்துவிடுமா என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தேதிக்கு ஆமாம் போட்ட மனிதர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு ஆமாம் போடவில்லை.

"தெரியலைங்கய்யா. சரியானாத்தான் வரும்."

கிட்டுசாமி சரி என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்.

"அந்த இரும்புக் கதவுக்காரரு தராசுப் பையன்கிட்டத் தப்பு எம்மேலதான்னு சொன்னாருங்கல்ல, அதுக்கு அந்தப் பையன் என்ன சொன்னானாமுங்க? படிங்க கண்ணு."